கலவை அறைக்கு வெளியே

கிள்ளான்
12 ஜனவரி 2025

அன்பு லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் இறைவன் அருளால் சுகம். உம்மாவின் முட்டிவலி மழைக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. நீயும் ஜுஹைர் மச்சானும் ஆக்லாந்தில் சுகம்தானே?

போன் இருக்கும்போது எதற்கு இமெயிலில் கடிதம் என்று கேட்பாய். மில் ஆபீசில் என் மேசைக்கும் வாப்பா மேசைக்கும் நடுவே ஒரு மின்விசிறிதான் இருக்கிறது. அவரைப் பற்றி அவர் காதுபட எப்படிப் பேசுவது? தட்டச்சு செய்தால் பில் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். அதோடு, கடிதம் என்றால் அக்கா என்ற அதிகாரத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

செய்தி இதுதான். நம் பண்டமாரான் மசாலா மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். பெயர் லின். ஹனோயில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாளாம். பல்கலைக்கழகப் பரிமாற்றத் திட்டம், பயிற்சி விசா, ஆறு மாதம். பேப்பர் வேலை முழுக்க நான்தான் பார்த்தேன். வாப்பா படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். "நீ படிச்சிட்டேல்ல, அது போதும் லா" என்றார்.

படித்துவிட்டுத்தான் வயிறு எரிகிறேன். முதலாளியாகிய நாம் அவளுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பூட்டுள்ள அறை, காப்புறுதி, வாரத்தில் ஓய்வு. வறுப்பு, கலவை, அரைப்பு, பேக்கிங் என்று எல்லாப் பிரிவையும் கற்றுத்தர வேண்டும். கூடவே ஒரு பொறுப்பாளர் நிற்க வேண்டும். ஆள் குறைகிறது என்று அவளைத் தொழிலாளிக்குப் பதிலாக நிறுத்தவே கூடாது. பாதியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்து, உன்னை நன்றாக வைத்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். ஒன்பது வருடமாக நான் இங்கே குப்பை கொட்டுகிறேன். என்னை யார் வந்து கேட்டார்கள்?

உன்னுடைய பழைய அறையைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆபீசில் உன் அமெரிக்கப் படத்தைப் பார்த்ததும் யாரென்று கேட்டாள். வாப்பாவுக்கு வாயெல்லாம் பல். "மூத்தவ. அமெரிக்கா ஓட்டல்ல ஒரு வருஷம் ட்ரெய்னிங் எடுத்தவ" என்று ஆரம்பித்துவிட்டார். பளிங்கு மேசை முன்னால், விரல் நுனி வரை மூடிய நீலக் கோட்டில், நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். பன்னிரண்டு வருடமாகச் சுவரில் தொங்கும் அந்தச் சிரிப்பின் கீழே ஒன்பது வருடமாக உட்கார்ந்து பில் அடிக்கிறேன். பாவம் லின், அவளும் இனி பார்க்கட்டும்.

வஸ்ஸலாம்,
உன் மெஹ்ரின்

*

ஆக்லாந்து
19 ஜனவரி 2025

அன்புத் தங்கை மெஹ்ரினுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். மச்சானுக்குச் சளி, எனக்குப் பள்ளிக்கூட ஆபீசில் புது வருடச் சேர்க்கை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

உன் வயிற்றெரிச்சலைப் படித்துச் சிரித்தேன். சின்ன வயதில் என் பெருநாள் சட்டையில் பித்தான் அதிகம் என்று அழுதவள் நீ. மாறவே இல்லை.

அந்த அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாதே, மாற்றினீர்களா? உள்ளேயிருந்து பூட்ட முடிகிறதா? அவள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

உம்மாவுக்கு ஸலாம் சொல். முட்டிக்கு எண்ணெய் அனுப்புகிறேன்.

வஸ்ஸலாம்,
அஃப்ரின்

*

கிள்ளான்
9 பிப்ரவரி 2025

அன்பு லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். மச்சானின் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன்.

தாழ்ப்பாள் மாற்றியாயிற்று. எங்களோடுதான் சாப்பிடுகிறாள். அவளுக்காக உம்மா மீன் ஆணத்தில் மிளகாயைக் குறைக்கிறார். எனக்கு அம்மை போட்டிருந்தபோதுகூடக் குறைக்காதவர்.

லாத்தா, அவள் கலவை அறைக்குள் போய்விட்டாள். மில்லில் அந்த ஒரு கதவுதான் எப்போதும் சாத்தியிருக்கும் என்பது உனக்குத் தெரியும். வறுப்பைக் கன்னையா அண்ணே பார்ப்பார், பேக்கிங்கைத் தங்கமணி அக்கா பார்ப்பார், கலவை மட்டும் வாப்பா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் வருகிறேன் என்று கேட்டேன். "மிளகாய் நெடி மா, உனக்கு ஆகாது. நீ ஆபீஸ்ல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். லோரிக்காரனிடம் சண்டை போட, துறைமுகத்தில் மல்லி மூட்டையை விடுவிக்க, வெளிநாட்டு ஆள்களின் வேலை பெர்மிட்டுக்கு வரிசையில் நிற்க நான். அந்த நெடி எல்லாம் எனக்கு ஆகும் போலிருக்கிறது.

இப்போது பேப்பரில் கலவை என்று இருப்பதால் அவளை அழைத்துப் போகிறார். கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன். ஒரு சிட்டிகை தூளை அவள் உள்ளங்கையில் வைத்து, தேய்க்கச் சொல்லி, கையை மூடச் சொல்லி, பிறகு முகரச் சொல்கிறார். "நாக்குல வைக்கக் கூடாது. நாக்கு பொய் சொல்லும், மூக்கு சொல்லாது" என்று உடைந்த ஆங்கிலத்தில் விளக்குகிறார். அவள் தும்முகிறாள். அவர் சிரிக்கிறார். வாப்பா மில்லில் சிரித்து நீ பார்த்திருக்கிறாயா?

நான் போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து ஏமாற்ற விருப்பமில்லை. உனக்கு அமெரிக்கா, அவளுக்குக் கலவை அறை, எனக்கு இந்த நாற்காலி.

வஸ்ஸலாம்,
மெஹ்ரின்

*

ஆக்லாந்து
15 பிப்ரவரி 2025

அன்பு மெஹ்ரினுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் நலம்.

பொறாமைப்படு, அதில் தப்பில்லை. ஆனால் அது வாப்பாவுக்கும் உனக்கும் நடுவில் உள்ள கணக்கு. அவரிடமே கேள். அந்தப் பெண் மீது இறக்காதே. வெளியூரில் தனியாக இருப்பவளுக்கு யார் முகம் எப்போது மாறியது என்பது முதலில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவை இனிமேல் கடிதத்தில் இழுக்காதே.

வஸ்ஸலாம்,
அஃப்ரின்

*

கிள்ளான்
8 மார்ச் 2025

அன்பு லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? உன் போன கடிதம் அறிவுரைக் கடிதம். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாப்பாவுக்கு ஒரு கண்ணில் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. பயப்படாதே. கண்ணில் மூடி போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் தூசியும் மிளகாயும் பக்கத்தில் வரக் கூடாதாம். பெருநாள் ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும்போது முதலாளி வீட்டில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "மீன் மசாலா கலவை அந்தப் பொண்ணுக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கோ." பெற்ற மகளிடம்.

நான் கேட்கவில்லை. பேக்கிங்கில் இரண்டு பேரின் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். லின்னுக்கு நீல ஏப்ரனைக் கொடுத்து, "பெருநாள் வரைக்கும் பேக்கிங்" என்று தங்கமணி அக்காவிடம் விட்டேன். கலவையை நான் போடுகிறேன். எந்தச் சரக்கு எவ்வளவு போகிறது என்று ஒன்பது வருடமாகக் கொள்முதல் பார்த்தவளுக்கு அளவு தெரியாதா? நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியவில்லை, அதுதான் ஒரு சங்கடம். குத்துமதிப்பாகப் போகிறது.

லின் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் எரிச்சல்தான். நேற்று மதியம் பார்த்தால், ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கலவை அறைக் கதவருகே நிற்கிறாள். தங்கமணி அக்கா போனில் படம் எடுக்கிறார். அம்மாவுக்கு அனுப்பவாம். எடுத்து முடித்ததும் கோட்டை மடித்து வைத்துவிட்டுத் திரும்பவும் பொட்டலம் ஒட்டப் போய்விட்டாள். கைகொட்டிச் சிரிக்கலாம் போல இருந்தது.

நேற்று முன்தினம் பல்கலைக்கழகத்திலிருந்து வாணி மேடம் பார்வையிட வந்தார். பேக்கிங்கில் நிற்கிறாள் என்று தெரிந்தால் திட்டம் ரத்து, அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அவள் படிப்பில் ஒரு வருடம் போய்விடும். நான் பக்கத்திலேயே நின்றேன். வாணி மேடம் கேட்டார், எல்லாம் சரியா என்று. லின் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, நிறையக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். நல்லவேளை, தப்பித்தேன்.

வஸ்ஸலாம்,
மெஹ்ரின்

*

கிள்ளான்
17 மார்ச் 2025

லாத்தா,

ஸலாம். பதில் இல்லை. போன் செய்தால் மச்சான் எடுத்து, நீ தொழுகிறாய் என்கிறார், தூங்குகிறாய் என்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கோபம் என்றால் திட்டி எழுது. முகம் தெரியாத ஒருத்திக்காகக் கூடப்பிறந்தவளிடம் பேசாமல் இருப்பாயா? உன்னையும் அவள் பக்கம் இழுத்துக்கொண்டாள் என்றால் எனக்கு இந்த வீட்டில் மிச்சம் என்னதான் இருக்கிறது?

மீன் மசாலா முதல் கலவை நாளை அரைப்புக்குப் போகிறது.

மெஹ்ரின்

*

ஆக்லாந்து
21 மார்ச் 2025

மெஹ்ரினுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உடம்பு சுகம்தான்.

உன் கடிதத்தைப் பலமுறை திறந்து மூடினேன். கோபம் இருந்தது. அது மட்டும் இல்லை.

சுவரில் தொங்கும் படத்தில் நான் போட்டிருக்கும் கோட்டு என்னுடையது இல்லை. வரவேற்பில் நின்ற பெண்ணுடையது. அவள் சாப்பிடப் போனபோது கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். எனக்கும் உங்கள் லின்னைப் போலப் பேப்பர் இருந்தது. வரவேற்பு, சமையலறை, கணக்கு எல்லாம் அதில் இருந்தன. நான் பார்த்தது ஓட்டலின் துணி வெளுக்கும் அறை. வருடம் முழுக்கப் படுக்கை விரிப்பு. திட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து கேட்டபோது லின் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். முதலாளி பக்கத்தில் நின்றார்.

தாழ்ப்பாளைப் பற்றி ஏன் கேட்டேன் என்று நீ கேட்காதே. அதை எழுத மாட்டேன்.

முதலாளிக்கு ஒரு மகள் இருந்தாள். கெட்டவள் இல்லை. என்னைப் பார்த்தால் சிரிப்பாள். நான் எந்த அறையில் நிற்க வேண்டியவள், எந்த அறையில் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவளும் தன் வீட்டில் யார் மீதோ எரிந்துகொண்டிருந்திருக்கலாம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த விரிப்புகள்தான்.

ஊருக்குத் திரும்பி ஓட்டல் வேலையே வேண்டாம் என்றேன். எல்லோரும் கிண்டல் செய்தீர்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாப்பா அதற்குள் படத்துக்குச் சட்டம் போட்டுவிட்டார்.

உனக்கு என்ன செய்யத் தோன்றுகிறதோ செய்.

அஃப்ரின்

*

கிள்ளான்
27 மார்ச் 2025

என் லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை மில் ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். படத்துக்கு நேர் கீழே. அன்று முழுவதும் தலையை நிமிர்த்த முடியவில்லை. பன்னிரண்டு வருடம் உன் மேல் பட்ட பொறாமையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அன்று நோன்பு திறக்க வீட்டுக்குப் போனேன். வாப்பா கண்மூடியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் கஞ்சியை வைத்ததும், "இங்க வா" என்று என் துடோங் முக்காட்டின் ஓரத்தைப் பிடித்து மூக்கில் வைத்தார்.

"மீன் மசாலா போட்டியா?"

"ஆமா வாப்பா."

"வெந்தயம் கருகியிருக்கு. அளவும் கூட. அந்தப் பொண்ணு முகர்ந்து பார்க்கலியா? எங்க நின்னுச்சு அது?"

லாத்தா, பொய் சொல்லியிருக்கலாம். அவர் மில் பக்கமே வரவில்லை. லின் வாயைத் திறக்க மாட்டாள். வாணி மேடமும் வந்து போய்விட்டார். உன் கடிதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"பேக்கிங்ல நிறுத்திட்டேன்" என்றேன். "மூணு வாரமா."

உம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். லின்னும் மேசையில்தான் இருந்தாள். பேக்கிங் என்ற சொல் மட்டும் அவளுக்குப் புரிந்திருக்கும். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்?" என்றார் வாப்பா.

"அதுக்குக் கத்துத்தரணும்னு பேப்பர்ல இருக்கு. எனக்குன்னு ஒரு பேப்பர் இல்ல வாப்பா." அழக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

அவர் கஞ்சியைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார், "நீ பக்கத்துலயேதான இருக்கே. எப்ப வேணும்னாலும் சொல்லித் தரலாம்னு இருந்துட்டேன் மா. அந்தப் பொண்ணு ஜூன்ல போயிடும். தேதி இருந்துச்சு." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கலவை முழுவதையும் ஒதுக்கிவிட்டோம். மீன் மசாலா பெருநாளுக்குக் கடைகளுக்குப் போகாது. மறுநாள் நானே வாணி மேடத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். லின்னைப் பக்கத்தில் நிற்க வைக்கவில்லை, நானும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. அவளிடம் தனியாகப் பேசச் சொல்லி, அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மேடம் கடுமையாகப் பேசினார். அவளை அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து லின் அழுதிருக்கிறாள். தனக்காக இல்லை, ஊரில் அம்மா அந்த வெள்ளைக் கோட்டுப் படத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டாளாம். முடிவு இன்னும் வரவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓகே கக்கா" என்றாள், மலாயில் அக்கா என்று அழைத்து. அது ஓகே இல்லை என்று எனக்குத் தெரியும்.

வஸ்ஸலாம்,
மெஹ்ரின்

*

ஆக்லாந்து
1 ஏப்ரல் 2025

அன்பு மெஹ்ரினுக்கு,

ஈத் முபாரக். உன் கடிதத்தைப் பெருநாள் அன்று காலையில் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். என் கடிதத்தையும் முதல் தடவையாக அவருக்குக் காட்டினேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாயே, அது போதும். எனக்கு அங்கே யாரும் அதைச் செய்யவில்லை.

பொறாமை போய்விட்டதா? வாப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்லாதே. அறுபத்தெட்டு வயதில் அவருக்கு அது வேண்டாம்.

உம்மாவுக்கு எண்ணெய் வந்ததா?

வஸ்ஸலாம்,
அஃப்ரின்

*

கிள்ளான்
20 ஜூலை 2025

அன்பு லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எண்ணெய் வந்தது. உம்மா அதைத் தானும் தடவி, பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அக்காவுக்கும் தடவி, இப்போது இரண்டு பேரும் நடைப்பயிற்சி போகிறார்கள்.

போனில் பாதி சொல்லிவிட்டேன், மீதி இதில். பேக்கிங்கில் போன நாள்களுக்கு ஈடாக லின்னின் பயிற்சியை மூன்று வாரம் நீட்டினார்கள். வாணி மேடம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு தடவை வந்தார். எங்களுக்கு அது வேண்டியதுதான். நேற்று லின் ஊருக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது கலவை அறைக்குள்ளே நின்று படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தது நான். கோட்டெல்லாம் மஞ்சள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். போகவில்லை. வாப்பாவின் கண் ஆறியதிலிருந்து அவளும் நானும் ஒன்றாகத்தான் கலவை அறையில் நின்றோம். வெந்தயம் எந்த நேரத்தில் கருகத் தொடங்குகிறது என்று அவள் மூக்குக்கு உடனே தெரிகிறது. எனக்கு இன்னமும் நாக்குதான் நீளுகிறது. வாப்பா என் கையில் தட்டுகிறார். எரியத்தான் செய்கிறது. ஆனாலும் உள்ளே நின்று எரிகிறேன்.

லின்னின் பேப்பரைப் போலவே எனக்கும் ஒன்று அடித்து ஏப்ரலிலேயே வாப்பா முன்னால் வைத்தேன். தேதி போட்டு. "கண்ணாடி வரட்டும். இந்தத் தடவை படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்றார். இரண்டாவது கண்ணும் முடிந்து போன வாரம்தான் கண்ணாடி வந்தது. வரி வரியாகப் படித்தார். "வேறு ஆளுக்குப் பதிலா நிறுத்தக் கூடாது, இது என்ன மா?" என்றார். "நான் கலவையில நிக்கும்போது பில் அடிக்கக் கூப்பிடக் கூடாதுன்னு அர்த்தம்" என்றேன். யோசித்துக் கையெழுத்துப் போட்டார். ஆபீசுக்குத் தாமரை என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். மின்விசிறி இப்போது அவளுக்கு.

நீ கேட்டுக்கொண்டபடி நான் வாப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தவர், எதிரே உன் படத்தைப் பார்த்தார். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்தக் கோட்டு கை இவ்ளோ நீளமா இருக்கே" என்றார். "அஃப்ரினுக்குத் தைச்சது மாதிரி இல்லையே."

நான் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் போல உள்ளங்கையைப் பார்த்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். லின் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கோட்டு மாட்டிப் படம் எடுத்துக்கொண்டதை முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன், அதை நினைத்திருப்பார். ஆணியிலிருந்து படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வழக்கமாக உனக்குப் போன் போட என்னைத்தான் கூப்பிடுவார். இன்று உன் நம்பரை எழுதித் தரச் சொல்லி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். தொழுதுவிட்டுப் பேசுவார். தூங்குகிறாய் என்று மச்சானைச் சொல்ல விடாதே. எடுத்துப் பேசு.

வஸ்ஸலாம்,
உன் மெஹ்ரின்